பதினேழு பல் சக்கரம்

“அந்த விரிப்பு மேல எவனாவது கால வெச்சீங்கன்னா, இன்னைக்கு இந்த வீட்டுல ரெண்டு சாவு விழும், சொல்லிட்டேன்!”

நாற்காலி கொண்டுவந்த ஆட்கள் இருவரும் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவன் தலையில் ஏழெட்டு நாற்காலிகள் அடுக்கடுக்காக இருந்தன. இறக்கவும் பயம், சுமக்கவும் முடியவில்லை. காலையில்தான் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பொம்பளை, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே தோட்டத்தைத் தாண்டி ஓடிவந்து இப்படிக் கத்தினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

“மழை வர்ற மாதிரி இருக்கும்மா. வர்றவங்க உக்கார இடம் வேணும்னு உங்க பையன்தான் சொன்னாரு.”

“வாசல்ல போடு. நனைஞ்சா நனையட்டும். யாரும் கரைஞ்சு போயிட மாட்டாங்க.”

ஊரில் அவளுக்கு டிரைவரம்மா என்று பேர். முன்னறையில் கட்டிலில் கிடந்தவருக்குத் தையல்காரர் என்று பேர். காலையில் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் சாஞ்சுக்கறேன்” என்று சாய்ந்தவர்தான். அவள் டம்ளரைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஷெட்டில் நின்றது ஒரு சின்ன டிராக்டர். வீட்டுத் தோட்டங்களை உழ, புல் வெட்ட, உரம் இழுக்க. பெரிய டிராக்டர் போட்ட குட்டி மாதிரி இருக்கும். அதை ஓட்டுகிறவள் அவள். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாலும் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் உழுது கொடுத்துவிட்டு வருவாள். தையல்காரருக்கு ஓட்ட வராது. சீட்டில் ஏறினாலே முழங்கால் ஆடும். ஆனால் வண்டிக்கு என்ன வந்தாலும் அடியில் புகுந்து சரிசெய்கிறவர் அவர்தான். அவர் கீழே, அவள் மேலே, அதனால்தான் அந்தக் குடித்தனம் ஓடுகிறது என்று ஊர் கேலி பேசும். அதைக் கேட்டு முதலில் சிரிப்பது தையல்காரராகத்தான் இருக்கும்.

வண்டியைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிப் பல காலம் ஆகிவிட்டது. ஒரு சாமான் போனால் கடையில் கிடைக்காது, தேடித்தான் பிடிக்க வேண்டும். அதில் தையல்காரர் கில்லாடி. பெல்ட்டை ஒரு மாவு மில்லில் பிடித்தார். கார்புரேட்டரை ஒரு படகுக்காரனிடம் பேசி வாங்கினார். சீட் கிழிந்தபோது தானே தைத்துவிட்டார், அதில் மட்டும் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கடைசியில் கியர் பெட்டிக்குள் ஒரு சக்கரத்துக்குப் பல் போயிற்று. அந்தப் பல்லுக்காக ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார்.

போன வாரம், “சக்கரம் கிடைச்சாச்சு, அடுத்த வாரம் நானே கொண்டு வர்றேன்” என்று ஒரு பழைய சாமான் கடைக்காரர் போன் பண்ணியதும், கியர் பெட்டியை அக்கக்காகக் கழற்றிவிட்டார் மனுஷன். கழற்றியதைக் குவித்து வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வெட்டிய துணியை எந்த வரிசையில் தைக்க வேண்டுமோ அந்த வரிசையில் பரப்பி வைப்பாரே, அதே மாதிரி ஒரு பழைய படுக்கை விரிப்பில் ஒவ்வொன்றாக வரிசை பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் தையல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். வரிசை கலைந்தால் அந்தப் பெட்டியை மாட்டுவதற்கு உலகத்தில் ஆள் கிடையாது. படம் போட்ட புத்தகம்கூடக் கிடையாது.

அதனால்தான் அவள் அப்படி ஓடிவந்தாள். ஷெட் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது மகன் எதிரே நின்றான். வெளியூரில் ஆபீஸ் வேலை. சேதி கேட்டதும் காரை விரட்டிக்கொண்டு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

“ஏம்மா, இன்னைக்குப் போய் இந்தச் சாமானுக்காக ஆளுங்களைத் திட்டணுமா?”

“இன்னைக்கு இல்லாம என்னைக்குடா?”

“யாரும்மா இனிமே மாட்டப் போறா? அப்பாவே போயிட்டாரு. பழைய இரும்புக்குப் போட்டுட்டு நீ பேசாம எங்களோட வந்துடு. இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போற?”

“வண்டி ஓட்டப் போறேன்.”

“ஓடுற வண்டியாம்மா அது? பெட்டி பிரிஞ்சு கெடக்கு.”

“மாட்டிட்டேன்னா?”

அவன் பெருமூச்சு விட்டான். “மாட்டி, அது ஓடட்டும். அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். ஓடலைன்னா நீ என்னோட வர்ற. சரியா?”

“சரி” என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. வரிசைதான் இருக்கிறதே. சக்கரம் வரட்டும், யாரையாவது பிடித்து அந்த வரிசைப்படி மாட்டினால் தீர்ந்தது. இதற்குப் போய் என்ன யோசனை?

மத்தியானம் வந்துசேர்ந்தார் பழைய சாமான் கடைக்காரர். தொந்தியும் தோளில் ஒரு சாக்குப் பையுமாக வாசலில் நின்று நாற்காலிகளைப் பார்த்தார். “தையல்காரர் வீடு இதுதானுங்களா? என்ன, வீட்டுல ஏதாவது விசேஷமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்தவருக்குச் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

“ஐயோ... நேத்துகூடப் பேசினாரே.”

ஒரு வருஷம் போனிலேயே பழகியவர்கள், முகம் பார்த்ததில்லை. கடைக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். “நான் கொஞ்சம் தடியான ஆளா இருப்பாருன்னு நெனச்சிருந்தேன்” என்றார் மெதுவாக.

“குரல்தான் தடி” என்றாள் அவள். “கொண்டு வந்தீங்களா?”

அவர் தயங்கியபடி பையிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய சக்கரத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பிரித்து, புருஷன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு பல்லாக எண்ணினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்துவிட்டதா இவளுக்கு என்று ஒருத்தி முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. விழட்டும். போன தடவை ஒருத்தன் பதினாறு பல் சக்கரத்தைக் கொடுத்து ஏமாற்றியிருந்தான்.

“பதினேழு” என்றாள். பிறகு புருஷன் காதுக்கருகே குனிந்து, “கெடைச்சிடுச்சுங்க, சரியான சக்கரம்தான்” என்றாள்.

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவர் பாடு எனக்குப் பெரும்பாடும்மா. எந்தச் சாமானுக்கும் கடையில சொல்ற பேரு தெரியாது. காலர் போயிடுச்சு, கஃப் தேஞ்சு போச்சுன்னுவாரு. சட்டையா டிராக்டரான்னு எனக்கே குழம்பிடும். வண்டியை ஒரு தடவை காட்டுறீங்களா? பாத்துட்டுப் போறேன்.”

அவரை அழைத்துக்கொண்டு போய் ஷெட் கதவைத் திறந்தாள். தரை பெருக்கி, துடைத்து, கண்ணாடி மாதிரி இருந்தது. விரிப்பைக் காணவில்லை.

சுவரோரம் மூன்று பிஸ்கட் டப்பாக்கள். ஒன்றில் நட்டு, ஒன்றில் போல்ட், ஒன்றில் வளையங்கள். பெரிய சாமான்கள் பக்கத்தில் உயர வாரியாக நின்றன. எல்லாம் பளபளவென்று இருந்தன. கொடியில் விரிப்பு நனைந்து தொங்கியது. ஒரு சாக்பீஸ் கோடு மிச்சமில்லை.

பின்னாலேயே டிரைவரம்மாவின் அக்கா வந்தாள். அக்காவுக்கு அழுக்கு ஆகாது. பிறந்த வீட்டில் சுத்தக்காரி என்றே கூப்பிடுவார்கள். துக்கம் வந்தால் ஒருத்தர் அழுவார்கள், ஒருத்தர் பிரார்த்தனை பண்ணுவார்கள். அக்கா எதையாவது எடுத்துத் துலக்குவாள்.

“யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு நீ அந்தக் கத்து கத்தினியேடி. அதான் பத்திரமா எடுத்து வெச்சேன். ஒரே கறை, மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சப்புறம்தான் போச்சு. ஒண்ணுகூடத் தொலையல, எண்ணிப் பாத்துக்கோ.”

துடைத்த தரையில் டிரைவரம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது, வாய்விட்டு, வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி. அப்பாடா, இப்பவாவது அழுதாளே என்று வாசலில் இருந்தவர்கள் ஆறுதலடைந்தார்கள். இரும்புக்காக அழுகிறாள் என்று மகன் நினைத்தான். அவருக்காகத்தான் அழுதாள். அவர் கை வைத்து விட்டுப்போன கடைசி வேலையல்லவா அது?

விஷயம் புரிந்ததும் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைக்காரர் டப்பாக்களைக் கிளறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “நான் விக்கிறவன்மா, மாட்டுறவன் இல்ல. இந்த ஜாதி வண்டியைப் பிரிச்சு நான் பாத்ததே இல்ல” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மகன் டப்பாக்களின் மூடியை எடுத்து மூடினான். பந்தயம் யார் பக்கம் என்று சொல்லாமலே தெரிந்தது.

சாயங்காலம் எல்லோருமாகத் தையல்காரரைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். மழை வரவே இல்லை. நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வாடகைக் கடை வண்டி கிளம்பியது. மகன் ஒரு பையில் அம்மாவின் துணிமணிகளை எடுத்து வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். டிரைவரம்மா குளித்து, வேலைக்குப் போடுகிற பழைய துணியை உடுத்திக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். கொடியிலிருந்த விரிப்பை உருவி, ஈரத்தோடு தரையில் விரித்தாள்.

அக்கா வாசலில் நின்றாள். “என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுடி.”

“அதுக்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கு. உள்ள வா. அந்த டப்பாவெல்லாம் என் மடியில கொட்டு.”

கழற்றிய அன்றைக்குத் தையல்காரரும் அவளும் சேர்ந்துதான் செய்தார்கள். அவர் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே நீட்டுவார், அவள் வாங்கி விரிப்பில் அவர் சொன்ன இடத்தில் வைப்பாள். அவள் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கவனம் பாதி அங்கே. ஆனால் வாங்கிய கை இதுதானே?

கண்ணை மூடிக்கொண்டாள். கனமாகவும் வழுவழுப்பாகவும் முதலில் வந்தது எது? உள்ளங்கையை அறுத்துவிடும் போல மெலிசாக வந்தது எது? மடியில் துழாவி ஒன்றை எடுத்தாள், எடை பார்த்தாள், வேண்டாம் என்று போட்டாள், இன்னொன்றை எடுத்தாள்.

“இது காலர். காலர் கழட்டறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்கிடுச்சு. இதுக்கப்புறம் பொத்தான் பட்டி. பட்டி ரெண்டு வந்துச்சு, ஒண்ணு தடி, ஒண்ணு மெலிசு. தடிதான் மொதல்ல, அதைக் கால்ல போட்டுக்கிட்டேன். இதோ பாரு.” கால் கட்டைவிரலில் இன்னும் நீலம் பூத்திருந்தது.

அக்கா அவள் சொல்லச் சொல்ல வாங்கி வைத்தாள். ஓர் இடத்தில் அவள் தடுமாறினாள். ஒரே மாதிரி இரண்டு வளையங்கள். “ரெண்டும் கஃப்” என்றாள். எது முன்னே எது பின்னே? இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகாமல் ஷெட் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“கஃப் தேஞ்சிருக்கு, வேற கெடைக்குமான்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டாரும்மா. தேஞ்சது எப்பவும் வெளிப் பக்கம்தான் இருக்கும்.”

அவள் இரண்டின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒன்றில் நகம் வழுக்கியது. அதை வெளிப் பக்கத்துக்கு வைத்தாள். பிறகு அவள் கை எங்கேயும் நிற்கவில்லை. கடைசிச் சாமானை வைத்து, பல் போன பழைய சக்கரம் இருந்த இடத்தில் புதியதை வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டாள். அவர் போடுகிற மாதிரி ஒரே இழுப்பாக அவளுக்கு வரவில்லை. கோணலாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

கடைசியாக வந்ததுதான் முதலில் உள்ளே போக வேண்டும். அதை எடுத்து, வண்டிக்கு அடியில் நீட்டினாள்.

“இந்தாங்க” என்றாள்.

அக்கா விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு டிரைவரம்மா அதைத் திரும்ப இழுத்து விரிப்பில் வைத்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்தாள். குதிகாலை ஊன்றித் தள்ளித் தள்ளி உள்ளே போனாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. அங்கே தரையில், தலைக்கு வைத்துக்கொள்ள அவர் தைத்த சின்னத் தலையணை கிடந்தது. நடுவில் ஒரு குழி. அக்காவின் துடைப்பம் அது வரைக்கும் எட்டியிருக்கவில்லை. அவள் அந்தக் குழியிலேயே தலையை வைத்தாள்.

மகன் தேடிக்கொண்டு வந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து அம்மாவின் இரண்டு பாதங்களும், விரிந்த ஒரு உள்ளங்கையும்தான் தெரிந்தன. பெரியம்மாவைப் பார்த்தான். கடைக்காரரைப் பார்த்தான். பேன்ட்டைக்கூடத் தூக்கிவிட்டுக்கொள்ளாமல் ஈர விரிப்பின் ஓரத்தில் மண்டியிட்டான்.

“எதும்மா மொதல்ல?” என்றான்.