நிறுத்தும் பொத்தான்

ராக்கெட் சோதனை நிலையத்தில் கணவருக்குத் திட எரிபொருள் பிரிவு, மனைவிக்குத் திரவ எரிபொருள் பிரிவு. கலப்புத் திருமணம் என்று கேன்டீனில் கேலி செய்வார்கள்.

அவருடைய வேலை ஏறக்குறைய மாவு பிசைவதுதான். அலுமினியத் தூளையும் ஆக்சிஜன் தரும் உப்பையும் பசையில் குழைத்து, ராக்கெட் மோட்டாரின் கூட்டுக்குள் ஊற்றி, ரப்பர் போல இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் பட்டப்பெயரும் ரப்பர். அந்த மோட்டாரை ஒருமுறை பற்றவைத்துவிட்டால் யார் சொன்னாலும் நிற்காது, தீரும்வரை எரியும். மனைவியின் எஞ்சினில் எரிபொருள் ஒரு தொட்டியில், ஆக்சிஜன் இன்னொன்றில், நடுவே பம்புகளும் வால்வுகளும். வால்வை மூடினால் நெருப்பு அணைந்துவிடும். எது எப்போது ஒழுகுமோ என்ற கவலை மட்டும் அணையாது.

போன மாதம் வந்த அமைச்சர் பச்சைப் பொத்தானை அழுத்தி அவளுடைய எஞ்சினை எரியவிட்டார், சிவப்பை அழுத்தி அணைத்தார். நெருப்பே தன் பேச்சைக் கேட்கிறது என்று பூரித்துப்போனார். இந்த மாதம் ரப்பரின் மோட்டார். அதற்கும் சிவப்புப் பொத்தான் வேண்டும் என்றார் இயக்குநர். அவர் நிர்வாகவியல் படித்து வந்தவர். எந்த நெருப்பையும் கூட்டம் போட்டே அணைத்தவர். இதை நிறுத்த முடியாது என்று ரப்பர் விளக்கியதும், "முடியாது என்பது மனப்பான்மைப் பிரச்சினை" என்று குறிப்பெழுதி அனுப்பினார். பொத்தான் இல்லையேல் சோதனை அடுத்த ஆண்டுதான்.

அடுத்த ஆண்டுவரை கிடந்தால் இறுகிய எரிபொருளில் விரிசல் விழலாம். விழுந்தால் இரண்டு வருட உழைப்பும் குப்பைக்கு. வீட்டில் ரப்பர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான்தானே கேக்குறார்? வச்சுக் குடுங்க. ஒயர் எங்க போகுதுன்னு கேட்டாரா?" என்றாள் மனைவி.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"எத்தனை செகண்ட் எரியும்?"

"நாப்பத்திரெண்டு."

"அப்ப நாப்பத்திரெண்டாவது செகண்ட்ல அழுத்தச் சொல்லுங்க. நின்னுடும்ல?"

ரப்பர் சாப்பிட்டார். மறுநாள் சோதனை ஆவணத்தின் பதினேழாம் பக்கத்தில் "சிவப்புப் பொத்தான்: எதனுடனும் இணைப்பில்லை" என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். இயக்குநர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

சோதனை நாளன்று நாற்பத்திரண்டாவது விநாடியில் அழுத்தும்படி அமைச்சருக்கு மூன்று முறை சொல்லப்பட்டது. அவர் பச்சையை அழுத்தினார். தடித்த கண்ணாடிக்கு அப்பால் மோட்டார் உறுமியது, கட்டடமே நடுங்கியது. மூன்றாவது விநாடியிலேயே அமைச்சரின் விரல் சிவப்பில் விழுந்தது. உறுமல் ஓயவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் இரண்டு கட்டைவிரல்களாலும். இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது. ரப்பர் யாரையும் பார்க்கவில்லை; திரையில் மோட்டாருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கோடு அவர் கணக்குப் போட்டபடியே பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. அதைவிட அழகான கோட்டை அவர் பார்த்ததில்லை.

அமைச்சர் முழங்கையை ஊன்றி உடம்பின் பாரத்தையெல்லாம் பொத்தான்மேல் இறக்கியபோது, சரியாக நாற்பத்திரண்டில், சத்தம் அடங்கியது.

அமைச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் முரடு. ஆனா விடாம அழுத்துனா நின்னுடுது."

"எல்லாம் உங்க கைராசி சார்" என்றார் இயக்குநர்.

சாயங்காலம் இதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்த மனைவியால் நிறுத்த முடியவில்லை. "நீ எங்க பிரிவுக்கே வந்துடலாம்" என்றார் ரப்பர்.

மறுநாள் காலையில் இயக்குநரிடமிருந்து உத்தரவு வந்தது: சிவப்புப் பொத்தான் இறுக்கமாக இருப்பதால் உடனே எண்ணெய் போடவும். ரப்பரின் பிரிவில் எண்ணெய் கிடையாது; அவருடைய மோட்டாரில் சுழல்வதோ திறந்து மூடுவதோ எதுவுமில்லையே. மனைவியின் பிரிவுக்குப் போய் ஒரு டப்பா வாங்கிவந்து, பொத்தானுக்கு இரண்டு சொட்டு விட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார்.