நூஹு வீட்டுச் சனல்

கடலோரக் கண்டக்குழியில் நூஹு குடும்பத்தின் வயர்லெஸ் சனலில் பிறத்தியார் குரல் கேட்டதே இல்லை. வாப்பா காலத்தில் உரிமம் எடுத்த அலைவரிசை அது. சலாம் சொல்லாமல் அதில் பேச்சைத் தொடங்கக்கூடாது என்பது வீட்டு ஒழுங்கு.

இந்த வருஷம் அந்த மானத்துக்குச் சோதனை வந்தது. கரையிலுள்ள படகுகளுக்கெல்லாம் புதுவகை வயர்லெஸ் பூட்டினார்கள். எந்தச் சனலில் பேச்சில்லை என்று அது காதுகொடுத்துக் கேட்கும். காலியானதில் போய் உட்காரும். உரியவர் வாய் திறந்தால் அந்தக் கணமே எழும்பி வேறொன்றுக்குத் தாவும். பூட்ட வந்த பொறியியலாளர் றிஷ்னா இதைப் பொறுமையாக விளக்கினாள்.

“ஆளில்லாத நேரம் பார்த்து வீட்டுக்குள்ள பூர்றதுக்கு என்ன பேர் மகள்?” என்று கேட்டார் நூஹு.

தடுக்க அவரால் முடியவில்லை. ஆனால் வீட்டைக் காலியாக விடாமல் இருக்கலாமே. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, வீட்டிலிருந்த கரை வயர்லெஸ்ஸின் முன் கதிரையைப் போட்டு, பேசும் பொத்தானை அழுத்தியபடி வீடே அதிரக் குடும்ப வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். வந்தவர் எவரையும் கூடியிருந்து உண்ணும் சஹன் தட்டுச் சோற்றில் கைவைக்காமல் இந்தக் குடும்பம் அனுப்பியதில்லை என்பதை அடிக்கடி சொன்னார்.

அந்த வாரமே மருமகன் இனாஸின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. அவன் மாமாவைக் கூப்பிட்டான். மாமாவோ பாட்டனாரின் ஹஜ் பயணத்தில் பாதிவழியில் இருந்தார். இனாஸின் வயர்லெஸ் அங்கே இடமில்லை என்று கண்டு, றவூபின் காலிச் சனலுக்குத் தாவியது. பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவில் நூஹுவை எதிர்த்து நின்ற அதே றவூப். அவருடைய படகுதான் போய் இழுத்து வந்தது.

கரையில் றவூப் அதிகம் கதைக்கவில்லை. “நூஹு நானா, உங்கட மருமகன் நம்மட சனலுக்கு வந்திருந்தார். ஏலுமான மட்டும் கவனிச்சோம்.”

அன்று நூஹுவுக்குச் சோறு இறங்கவில்லை. றவூபின் சனலில் விருந்தாளியாக இருந்துவிட்டு, பதில் விருந்து வைக்காத குடும்பம் என்று பெயர் வரலாமா? மறுநாள் சனலைக் காலியாக விட்டுக் காத்திருந்தார். றவூபின் படகுக்காரன் குரல் கேட்டது. நூஹு முதுகை நிமிர்த்திப் பொத்தானை அழுத்தினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க, தாராளமாக் கதைங்க.”

குரல் மறைந்தது. சற்று நேரத்தில் திரும்ப வந்தது. திரும்பவும் வரவேற்றார், திரும்பவும் ஓடிவிட்டது. வரவேற்றதும் ஓடும் விருந்தாளியை அவர் கண்டதேயில்லை. றிஷ்னாவை அழைத்து முறையிட்டார்.

“நீங்க உரிமைக்காரர் அங்கிள். நீங்க வாய் திறந்தா அது எழும்பித்தான் போகும். அவங்க இருக்கிறதெண்டா நீங்க பேசாம இருக்கணும்.”

“சலாமும் இல்லையா?”

“சலாமும் இல்ல.”

இப்போது றவூபின் ஆட்கள் அந்தச் சனலில் மீன் விலை பேசுகிறார்கள், சம்மாட்டி முதலாளியைத் திட்டுகிறார்கள். நூஹு பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சலாமை உதட்டுக்குள் சொல்லி, வந்தவர்கள் போகும்வரை விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் யார் சத்தம் போட்டாலும் விரலை உயர்த்துகிறார்.

மனைவி கமறியா தேத்தண்ணியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, மகளிடம் மெல்லச் சொன்னாள்: “நாள்தோறும் ஆக்கள் வந்தா நல்லம் புள்ள.”