தேங்காய் நிமிர்ந்த இடங்கள்

1

புதுச்சத்திரம் தாண்டி பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் இந்தக் கதை. வாடிய மரவள்ளிக் காட்டில் ஒருவர் உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடந்தார்.* பின்னாலேயே பள்ளிச் சீருடையில் ஒரு பெண். தேங்காய் சட்டென்று எழுந்து நின்றது. பஸ் கிளம்பிவிட்டது. மீதி முழுக்க நான் கட்டியது. நம்பினால் உங்கள் பாடு.

(* வீட்டில் நானும் வைத்துப் பார்த்தேன். கீழே விழுந்து உடைந்தது. சட்னி அரைத்துவிட்டோம்.)

2

அந்தி சாயும் வேளையில் தேவிப்ரியா தன் கனவுகளைச்

(அடித்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப் எடுத்த பிள்ளைக்குக் கனவு காண ஏது நேரம்?)

மறுபடி. அவள் அப்பா காளியப்பனால் ஒரே ஒரு போர்வெல்தான் போட முடியும். தண்ணீர் வராவிட்டால் மரவள்ளி போச்சு. ரிக் வண்டி காட்டோரம் வந்து நின்றுவிட்டது. நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் மயில்சாமியின் தேங்காய் வடமூலையில் நிமிர்ந்தது. தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தண்ணீர் இருக்குமாம்.

"கண்ணக் கட்டிக்கிட்டு இன்னொருக்கா நடங்க பெரியப்பா. அதே எடத்துல நின்னா நம்பறேனுங்க," என்றாள் தேவிப்ரியா.

மயில்சாமி நல்ல மனிதர். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார். தேங்காய் தென்னோரம் நின்றது. இன்னொரு முறை நடந்தார். களத்துமேட்டில் நின்றது.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களாப்பா? ஒவ்வொருக்கா ஒவ்வொரு எடம். தேங்காய்க்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

காளியப்பன் முகம் மலர்ந்தது. "அட சாமி! அப்ப மூணு எடத்துல தண்ணி இருக்குது!"

3

(இங்கேயே நிறுத்தியிருக்கலாம், சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். அந்தப் பிள்ளை விடவில்லை.)

மயில்சாமியை வீட்டு மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மேல் ஏற்றினாள். அங்கேயும் தேங்காய் நின்றது.

"தொட்டி காலிங்கப்பா!"

"போர் போட்டா நெறையுமில்ல சாமி? முன்கூட்டியே சொல்லுது."

எதைக் காட்டி மறுத்தாலும் அதையே சாட்சியாக்கிக்கொள்கிற மனுஷரோடு எப்படி வாதாடுவது? அவளுக்கு அழுகை வந்தது. அப்பாவை ஜெயிக்க அவளுக்கு ஆசையில்லை. அப்பா தோற்றுவிடக் கூடாதே என்றுதான் இத்தனை பாடு.

கடைசியில் கண்ணை மூடி ஒரு கல்லை வீசினாள். "தேங்கா சொல்றதும் இந்தக் கல்லு சொல்றதும் ஒண்ணுதானுங்க. வேணும்னா இங்கயே போடுங்க!"

காளியப்பன் ஓடிப்போய்க் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். மயில்சாமி விழுந்து கும்பிட்டார். ரிக் டிரைவர் செருப்பைக் கழற்றினார்.

4

முடிவு ஒன்று: தண்ணீர் பீறிடுகிறது. கல்லுக்குக் கோயில் கட்டுகிறார்கள்.

முடிவு இரண்டு: வெறும் புழுதி. காளியப்பன் மகளைத் திட்டவில்லை. "உன்ற கல்லு சரியாத்தான் உழுந்துச்சு சாமி. நாந்தான் மஞ்சளக் கம்மியாப் பூசிப்போட்டேன்." (இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். என்னால் முடியவில்லை.)

முதலாவதையே வைத்துவிடலாமென்று திரும்பி வந்தேன். தேவிப்ரியா என்னை முறைத்தாள்.

"உங்குளுக்குப் புடிச்ச முடிவ எழுதிப்போட்டு அத நெசமுன்னு சொல்லாதீங்க. நீங்க இருந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டதே.

ரிக் உறுமத் தொடங்கியது. அவள் அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு, அவர் காதில் விழாமல் சொன்னாள்: "இருந்தாலும்... எழுதறதா இருந்தா, தண்ணி வரட்டுமுங்க."

முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் கண்ணை மூடி இந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு விரலை வையுங்கள். காளியப்பனுக்குத் தெரியாமல் கல்லை அங்கே நகர்த்திவிடுகிறேன்.