பிறந்தநாள் பலகை

1

மனிதகுலத்தின் மாண்பெல்லாம் அதன் மறைவிடங்களில்தான் வாழ்கிறது. [அடித்துவிடலாம். குளியலறை விளம்பரம் போலிருக்கிறது.]

உண்மையில் இந்தக் கதை பிறந்தது என் கிட்டப்பார்வையில். காலை நடைக்குக் கண்ணாடி போடாமல் போவேன். தெருமுனை அரசுப் பள்ளி வாசலில் ஒரு மின்பலகை. அன்றன்றைக்குப் பிறந்தநாள் காணும் பிள்ளைகளின் முகங்கள் அதில் தண்ணீருக்கடியில் ஏற்றிய விளக்குகள்போல் மிதந்து போகும். ஒருநாள் மறதியில் கண்ணாடியோடு போய்விட்டேன். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், அடையாள எண், வீட்டு விலாசம். அதற்கும் கீழே 'நீடூழி வாழ்க'.

2

பலகை நிஜம். இனி வருகிறவர்கள் என் கற்பனை.

ஒரு பெண், ஏழாம் வகுப்பு, இடது கன்னத்தில் [வேண்டாம். நானே காட்டிக்கொடுக்கிறேன்.]

ஒரு பெண். அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பி, அம்மாவோடு இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நாளை அவளுக்குப் பிறந்தநாள். அம்மா, தலைமையாசிரியையின் அறையில் நிற்கிறாள்.

"மேடம், எம்பொண்ணைப் பலகையில போடாதீங்க."

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படி?"

"எங்க விலாசம் வெளிய தெரியக் கூடாதுங்க. அதை மட்டுமாவது எடுத்துடுங்க."

"எடுத்தா அந்த இடம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்மா. ஒண்ணு பண்ணுங்க. காரணத்தை விவரமா எழுதிக் குடுங்க, வாசல்ல ஒட்டறோம். யாரும் ஆட்சேபிக்கலேன்னா எடுத்துடலாம்."

"ஒளிஞ்சிருக்கறவளை மைக்குல கூவச் சொல்றீங்களே மேடம்!"

(தலைமையாசிரியையைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். மசியவில்லை. அவர் எந்தப் பிள்ளையின் பிறந்தநாளையும் மறந்ததில்லை. சிக்கலே அதுதான்.)

3

முதல் முடிவு: இரவெல்லாம் மழை. பலகைக்குள் நீர் புகுந்து, விலாசங்கள் மீன்குஞ்சுகளாய்த் தெருவில் நீந்திப் போகின்றன. (அழகுதான். மழையை நம்பியா ஒரு பிள்ளையை விடுவது?)

இன்னொன்று: பள்ளி எழுத்தர் மனமிரங்கி அவள் பிறந்த தேதியைப் பிப்ரவரி முப்பது என்று மாற்றிவிடுகிறார். பலகை அந்த நாளுக்காகக் காத்திருக்கிறது.

மற்றொன்று: பலகை ஒளிர்கிறது. எதிர்ச்சாரியில் ஓர் ஆள் நடையை நிறுத்தி

இல்லை, இதை நான் எழுத மாட்டேன். முடிவை உங்களிடமே விடுகிறேன். காலையில் அந்த வழியாகப் போனால் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுங்கள். முன்பின் அறியாத பிள்ளையின் விவரம் நமக்குத் தெரியாமலிருப்பதும் அவளுக்குச் சொல்லும் வாழ்த்துதான்.

இதை எழுதிய மறுநாள் காலை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன், மறதியில் அல்ல.