சாய்ந்த பிடி

கோப்பைக்காரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஒரே ஒரு பேச்சில்தான். மண் கோப்பையின் பிடி கோணலாக இருக்கிறதென்று பல் டாக்டரம்மா அதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். வந்தவர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில், “வேணும்னேதான் சாய்ச்சு வெச்சேன்மா. அப்பதான் விரலுக்கு வாகா இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா பிடித்துப் பார்த்தாள். “அட, ஆமா.” அங்கேயே இன்னும் ஆறு கேட்டாள். அப்புறம் அவள் அக்கா கேட்டாள், அக்காவின் சம்பந்தி கேட்டாள், பல் வலியென்று அவளிடம் போய் வாயைத் திறந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

இரண்டு வருடமாகச் சாய்ந்த பிடிதான். கை தவறி வந்த கோணலைத் தெரிந்தே செய்வது உயிரை வாங்கியது. விரல் தானாகப் பிடியை நேராகத்தான் ஒட்டும். அதைப் பிடித்து இழுத்துச் சாய்க்க வேண்டும்.

“உண்மையைச் சொல்லித் தொலையேன்” என்பான் சூளையைப் பார்த்துக்கொள்ளும் கணவன்.

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?”

போன மாதம் ஆசை தாங்காமல், தனக்கென்று ஒரே ஒரு கோப்பைக்குப் பிடியை நேராக வைத்தாள். கணவன் அது தெரியாமல் டாக்டரம்மாவின் பெட்டியில் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டான்.

இன்று டாக்டரம்மா அதை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். “கோவிச்சுக்காதம்மா. இது மட்டும் கோணலா இருக்கு.”

கோப்பைக்காரி அந்தப் பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“கை தவறிடுச்சும்மா. வேற செஞ்சு தர்றேன்” என்றாள், அதே சிரிப்போடு.