கொத்தனார் என்னும் சொல்

எங்கள் ஊரில் ஒரு சுவர் ஆளுயரம் எழுந்ததும், தன்னைக் கட்டியவர் யார் என்று ஒருமுறை கேட்கும். கட்டியவரின் தொழிற்பெயரைச் சொன்னால் நிற்கும். பெயர் பொருந்தாவிட்டால் படுத்துக்கொள்ளும். இடிந்து விழுவதில்லை, செங்கல் கலையாமல், பாய் விரித்ததுபோல் மெதுவாகப் படுக்கும்.

இக்கேள்வியின் வழக்கு வேறுபாடுகளை நான் முப்பது ஆண்டுகளாகத் திரட்டி வருகிறேன். வடக்குத் தெருச் சுவர்கள் ‘யாரு கட்டுனது’ என்கின்றன. ஆற்றங்கரைப் பக்கம் ‘எவரு கரண்டி’ என்பதே வழக்கு. விடையில் வேறுபாடு இருந்ததில்லை. எல்லா இடத்திலும் ‘கொத்தனார்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பொருந்தும் விடையைத் தேடித்தான் மேஸ்திரி சவரிமுத்து என்னை அழைத்தார்.

அவரிடம் பதினோரு ஆண்டுகள் கலவைச் சட்டி சுமந்த பூரணத்தாய் இப்போது கொத்துக் கரண்டி பிடித்துக் கட்டத் தொடங்கியிருந்தார். அவர் கட்டிய சுவர்கள் நேராக இருந்தன. ஆனால் இரண்டு படுத்துவிட்டன. முதற்சுவரிடம் அவர் தம்மைச் சித்தாள் என்று சொன்னார். சித்தாள் சுமப்பவர், கட்டுபவர் அல்லர். இரண்டாவது சுவர் கேட்டபோது மேஸ்திரி இரக்கப்பட்டு, தாமே கட்டியதாகச் சொன்னார். அது அவர் நின்ற பக்கமாகவே படுத்தது. அவர் விலகிக்கொண்டார்.

மூன்று சுவர் படுத்தால் கரண்டியைக் கொத்தனார் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டுச் சட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது சுவர் நான் போன அன்று பகல் பதினொரு மணிக்கு ஆளுயரத்தை எட்டியது.

கொத்தனார் என்பது ஆண்பாற் பெயர் என்பதால் அதைச் சொல்ல மேஸ்திரி இசையவில்லை. பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை அவர் பார்த்திருந்தார். சாரத்தின்மேல் இருந்த மூத்த கொத்தனார் ஒருவர் யோசனை சொன்னார்.

“ஏளா பூரணம், ஒரு மீசை வரஞ்சுட்டு வா. செவருக்கு என்ன கண்ணா தெரியும்?”

சுவர் கேட்டது. ஒரு டீ குடிக்கும் நேரம் அது காத்திருக்கும். நான் குறிப்பேட்டிலிருந்து ‘கொத்தனாரம்மா’ என்று சொன்னேன். எந்தக் கொத்தனாரின் வீட்டம்மா என்று சுவர் கேட்டது. பூரணத்தாயின் கணவர் தையற்காரர். சுவர் ஓர் அங்குலம் சாய்ந்தது. அடுத்து ‘கொத்தி’ என்று சொல்லிப் பார்த்தேன். எந்த மரத்தைக் கொத்தி என்று கேட்டுவிட்டு மேலும் இரண்டு அங்குலம் சாய்ந்தது. மேஸ்திரி கரண்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

பூரணத்தாய் கரண்டியைக் கொடுக்கவில்லை. மறு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கொத்தனாருன்னே சொல்லுதேன் ஐயா. எங்க மாமியாருக்கு ‘ஆர்’ இருக்கு. தாயாருக்கு இருக்கு. நாச்சியாருக்கும் இருக்கு. அவங்கல்லாம் மீசையா வச்சிருக்காவ?”

நான் குறிப்பேடுகளைப் புரட்டினேன். கொத்தனார் என்ற சொல் வந்த இடமெல்லாம் பக்கத்தில் ‘ஆண்பால்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. எந்தச் சுவரும் அப்படிச் சொன்னதாகக் குறிப்பு இல்லை. உரிய இடத்தில் திருத்தத்தை எழுதி, தேதியிட்டேன்.

பூரணத்தாய் சுவரின் பக்கம் திரும்பி, “கொத்தனார்” என்றார்.

சாய்ந்திருந்த மூன்று அங்குலமும் சுவர் திரும்ப நிமிர்ந்தது. மேஸ்திரி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். நூல் சுவரோடு ஒட்டி நின்றது. அவர் நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

“சரி கொத்தனாரே, டீ வந்துட்டு.”

செய்தி சுவர்களின் வழியாகவே ஊருக்குள் போனது. மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் தெற்குச் சுவர் ஒரு திருத்தம் அறிவித்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கொத்தனார் சாப்பிடப் போயிருந்தபோது, அதன் ஏழாம் செங்கல் வரிசையை வேலம்மை என்னும் சித்தாள் கட்டியிருக்கிறார். அறிவித்த பின் அந்த வரிசை மட்டும் சுவரிலிருந்து வெளியே வந்து, பேருந்து நிலையத்தைக் கடந்து, வேலம்மை வீட்டு வாசலில் போய் நீளமாக அமர்ந்தது. அவர் அதன்மேல் மோர்மிளகாய் காயவைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வரிசையும் அதற்கு மேலுள்ளவையும் முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கின்றன. இடைவேளையில் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து, ஏழாம் வரிசை இருந்த சந்து வழியாக வெளியே விற்பவரிடம் மாங்காய்க் கீற்று வாங்குகிறார்கள்.