தீர்வு செய்யப்பட்டது

காலையிலிருந்து ஒன்பது மாடி ஏறி இறங்கியதில் கணக்கெடுப்புக்காரிக்குக் கால் கெஞ்சியது. அரசு சேவைகளைப் போனிலேயே பெறும் செயலியை மக்கள் ஏன் பயன்படுத்துகிறார்கள், ஏன் பயன்படுத்துவதில்லை என்று வீடு வீடாகக் கேட்டுக் குறிக்க வேண்டும். வாரக் கடைசிக்குள் எண்பது படிவம் சேராவிட்டால் அடுத்த வாரம் வேலைக்கு வேறு ஆள். பெரும்பாலானவர்கள் வாசலோடு அனுப்பினார்கள். பேத்தி போட்டோவுக்கே போனில் இடம் பத்தவில்லை, இதில் அரசாங்கத்தை எங்கே குடிவைப்பது என்றார் ஒரு மளிகைக்கடைக்காரர்.

இந்த ஒருத்திதான் உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் குவிந்திருந்த சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டு உட்காரச் சொன்னாள். சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள். பொத்தான் துளையின் விளிம்பை ஊசியால் சுற்றிச் சுற்றித் தைத்தபடியே, தலை நிமிராமல் பதில் சொன்னாள். செயலியை எத்தனை நாளுக்கு ஒருமுறை திறப்பீர்கள் என்றதற்குத் தினமும் என்றாள். பயனுள்ளதா என்றதற்கு ஐந்துக்கு ஐந்து. கணக்கெடுப்புக்காரிக்கே ஆச்சரியம். ‘தினமும்’ என்ற கட்டத்தை அவள் இதுவரை தொட்டதே இல்லை.

கடைசிக் கேள்வி, பயன்படுத்தத் தூண்டியது எது என்பது. எளிமை, நேர மிச்சம், பிறர் சொன்னது, நம்பிக்கை என்று நான்கு கட்டங்கள். வாசித்துக் காட்டினாள். காஜாக்காரியின் ஊசி நின்றது.

“அது என்னைக் கேவலமாப் பாக்காதும்மா.”

பிறகு மெதுவாகச் சொன்னாள். ஒரே மகள். பதினெட்டு வயதில் டைப்பிங் வகுப்புக்குப் போனவள் திரும்பவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர், யாரோடு போனாள், எத்தனை நாளாகப் பழக்கம், பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டார். நான்கு தடவை போனாள். ஐந்தாம் தடவை கேட் வரைக்கும் போன கால் தானாகத் திரும்பிவிட்டது. அப்போதுதான் கூட வேலை செய்த ஒருத்தி இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். இதுவும் பெயர், வயது, உயரம், மச்சம் எல்லாம் கேட்டது. அதோடு நிறுத்திக்கொண்டது. விடை தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று ஒரு கட்டம்கூட வைத்திருந்தது.

போனைத் துடைத்து நீட்டினாள். “நான் போட்ட புகார் ரொம்ப நாள் மஞ்சளா இருந்துச்சு. எட்டு மாசமாப் பச்சையா இருக்கு. தீர்வுன்னு போட்டிருக்கு. பச்சைன்னா நல்லதுதானே?”

‘தீர்வு செய்யப்பட்டது.’ கணக்கெடுப்புக்காரி அதை அழுத்தினாள். கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி திறந்தது. புகார்தாரரைத் தொடர்புகொள்ள இயலாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது.

ஆமாம்க்கா, நல்லதுதான் என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கியிருக்கலாம். பாதி வார்த்தை தொண்டைவரை வந்தும்விட்டது. எட்டு மாதமாக ஒவ்வொரு காலையும் இந்தப் பச்சையைப் பார்த்துத்தான் இவள் அடுப்பைப் பற்றவைத்திருப்பாள் என்று தோன்றியதும் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

காஜாக்காரி அழவில்லை. “இந்த போன நான் ஒரு நாளும் அணைச்சு வச்சதில்ல” என்றாள், யாரோ குறித்துக்கொள்ளப்போகிறார்கள் என்பதுபோல. மறுபடி போடலாமா என்று கேட்டாள்.

புதுப் புகார் திறந்தார்கள். காணாமல்போன தேதியில் காலண்டர் ஒரு வருஷத்துக்கு மேல் பின்னோக்கிப் போக மறுத்தது. பழைய நிகழ்வுகளுக்கு நேரில் காவல் நிலையத்தை அணுகவும் என்றது.

“நேர்லதான் போகணுமாம்க்கா.”

காஜாக்காரி கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“இன்னைக்குன்னு போடுங்க.”

“அக்கா, அது...”

“இன்னைக்கும் அவ இல்லதானே?”

தவறான தகவல் தருவது குற்றம் என்று திரையின் அடியில் சிவப்பில் ஒரு வரி இருந்தது. கணக்கெடுப்புக்காரி அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் விரலை இன்றைய தேதியில் வைத்தாள். வயது? பதினெட்டு என்று தொடங்கி, இருபத்தொன்று என்று திருத்தினாள் தாய். உயரம் கேட்டதும் எழுந்து, தன் தோளுக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள். கை அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பாளோ என்றாள். உடை? நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இடது கையில் கருப்புக் கயிறு, எல்லாம் மூன்று வருஷமாக மனப்பாடம். ஆனால் இன்று காலை அவள் என்ன உடுத்தியிருப்பாள்? காஜாக்காரி கட்டிலில் கிடந்த யார் யாருடைய சட்டைகளையோ பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

“தெரியாதுன்னு போட்டுடுங்க.”

புகார் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் விழுந்தது. கணக்கெடுப்புக்காரிக்கு இன்னும் தன் கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. நான்கு கட்டங்களையும் திரும்பத் திரும்ப வாசித்தாள். ‘எளிமை’யைத் தொட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருமுனையில் நின்று அடுத்த வீட்டு எண்ணைத் தேடும்போது எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். காஜாக்காரி கீழே வந்திருந்தாள். விரலில் ஊசி, தோளில் யாருடைய சட்டையோ. வீட்டுக்கு வர வேண்டிய பெண் அரைமணி நேரம் தாமதமானால் எட்டிப் பார்ப்பதுபோல, தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தாள். கண்மேல் கையை வைத்துக்கொண்டு இந்தக் கோடியைப் பார்த்தாள்.